படகில் இரண்டாவது பேட்டரி

அந்த ஏரியின் இரண்டு கரைகளிலும் அவளை ஸ்டியரிங் அக்கா என்றுதான் சொல்வார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிடுவார்கள். அவளும் முகம் கோணாமல் திரும்பிப் பார்ப்பாள். இந்தக் கரையில் வீடுகளும் கடைத்தெருவும். எதிர்க்கரையில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, நூல் ஆலை. இரண்டுக்கும் நடுவே, கூரை போட்ட டீசல் படகில் ஆட்களை ஏற்றிப்போய் இறக்குவது அவள் பிழைப்பு.

படகு முதலில் அவள் கணவர் ஓட்டியது. அவருக்கு ஊர் வைத்த பெயர் ரேடியோ. ஏறுகிறவர்களிடம் ஆரம்பித்தால் இறங்கும்வரை ஓயமாட்டார். மழை வருமா வராதா, யார் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், பல்வலிக்கு எந்தப் பக்கமாகப் படுக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் அவரிடம் செய்தி உண்டு. பேச்சு சூடுபிடித்துவிட்டால் எழுந்து பின்பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார்; ஸ்டியரிங் மனைவி கைக்கு வந்துவிடும். அவளுக்கு அந்தப் பெயர் வந்ததே அப்படித்தான்.

"உங்க வீட்டுக்காரர் மூச்சு விடறதுக்கு நேரம் ஏதும் ஒதுக்கி வச்சிருக்காரா?" என்று யாராவது கேட்டால், "நான் பேசும்போதுதான் விடுவாரு. அதனாலதான் அடிக்கடி மூச்சு வாங்குது அவருக்கு" என்பாள்.

ஒரு நாள் காலையில் பல் தேய்க்கப் போன மனிதர் குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. என்னவென்று கேட்டாள். பதில் வரவில்லை. அந்த வீட்டில் கேட்ட கேள்விக்குப் பதில் வராதது அதுதான் முதல் தடவை. அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, அவரை அவர் படகிலேயே படுக்கவைத்து, அவளே ஓட்டிக்கொண்டு எதிர்க்கரை ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

பக்கவாதம். உயிருக்கு ஆபத்தில்லை. கால் சீக்கிரமே திரும்பியது, வலது கை பாதி திரும்பியது. பேச்சு மட்டும் வரவில்லை. நாம் சொல்வது எல்லாம் புரியும். அவர் சொல்ல நினைப்பதுதான் வெளியே வராது. தண்ணீர் கேட்க வாயைத் திறப்பார், "கதவு" என்று வரும். அது தப்பு என்று அவருக்கே தெரியும். தலையில் அடித்துக்கொள்வார். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொள்வாள். படகை முழுநேரமும் ஓட்ட ஆரம்பித்தாள். வாரம் ஒருமுறை அவரைப் பேச்சுப் பயிற்சிக்கும் கூட்டிப்போனாள்.

பயிற்சி கொடுத்த பெண் ஒரு நாள் கேட்டாள். "சாருக்குப் பாட்டு பிடிக்குமா?"

"உயிரு. பழைய பாட்டுன்னா சோறு தண்ணி வேணாம்."

"அப்ப பாட வச்சுப் பாருங்க. பேச்சு வராதவங்களுக்குக்கூட சில சமயம் பாட்டு வரும். பாட்டு படிஞ்சுதுன்னா, தேவையான வார்த்தையை அந்த ராகத்துலயே போட்டுச் சொல்லப் பழக்கலாம். அவசரப்படாதீங்க."

அவளுக்குப் பாட வராது. சுருதி என்பது அவள் வீட்டு வாசலைக்கூட மிதித்ததில்லை. ஆனாலும் அன்று சாயங்காலம் அடுப்படியில் நின்று, அவருக்குப் பிடித்த பாட்டு ஒன்றைத் தைரியமாக எடுத்துவிட்டாள். முதல் வரியை அவள் பாடிய லட்சணத்தைப் பொறுக்க முடியாமல்தானோ என்னவோ, இரண்டாவது வரியை உள்ளேயிருந்து அவர் எடுத்துக்கொண்டார். ஒரு வார்த்தை பிசகவில்லை. அவள் கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள். அவரே திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகுதான் படகில் ஸ்டீரியோ ஏறியது. நாலு ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபயர். விற்ற கடைக்காரரே வந்து, இன்ஜின் பேட்டரியில் நேராக வயரைக் கொடுத்துவிட்டுப் போனார். ரேடியோ தினமும் படகில் வந்து உட்கார்ந்து, கூடவே பாடினார். ஆலைக்குப் போகும் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். ராத்திரி வேலை முடிந்து வரும் நர்ஸ் ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டே தாளம் போடுவாள். கரையில் ஆள் சேருவதற்காகக் காத்திருக்கும்போது இன்ஜின் நிற்கும், பாட்டு நிற்காது.

அங்கேதான் வினை வந்தது.

ரேடியோ வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்த ஒரு மதியம், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகளை ஏற்றிவரும்போது நடு ஏரியில், படகுக்கு அடியில் சுழலும் விசிறியில் பாசி சுற்றிக்கொண்டது. இன்ஜினை நிறுத்தினாள். கழியை விட்டுப் பாசியை இழுத்து எடுக்கக் கொஞ்ச நேரமாயிற்று. அதுவரை பாட்டு கணீரென்று ஓடிக்கொண்டிருந்தது. வந்து சாவியைத் திருப்பினாள். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி திருப்பினாள். அந்த டக்கும் இல்லை. பாட்டும் இழுத்துக்கொண்டு அடங்கியது. கரையில் நிற்கும்போதே பேட்டரியைப் பாட்டு முக்கால்வாசி குடித்துவிட்டிருக்கிறது. மிச்சத்தை இப்போது குடித்துவிட்டது.

காற்று படகைப் பாறைகள் இருக்கும் பக்கமாகத் தள்ளியது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள். அவள் பதறாத முகத்தை வைத்துக்கொண்டு, "யாரும் எழுந்திரிக்காதீங்க கண்ணுங்களா" என்று சொன்னாள். கழியை ஊன்றிப் பார்த்தாள், அடி எட்டவில்லை.

அப்போது சரக்குப் படகு ஒன்று திரும்பி வந்தது. ஓட்டியவர் மீசைக்காரர். படித்துறையில் படகு கட்டும் இடத்துக்காக அவருக்கும் ரேடியோவுக்கும் பெரிய வாய்ச்சண்டை நடந்து, இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. கயிற்றை வீசினார். அவள் கட்டினாள். கரைவரை மெதுவாக, பிள்ளைகள் பயப்படாதபடி இழுத்துவந்து சேர்த்தார்.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"கயிறு என்னோடது. அவிழ்த்துக் குடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அன்றே அவள் ஸ்டீரியோவுக்குப் போகும் பெரிய வயரைக் கழற்றிவிட்டாள். "என்னங்க, கோவிச்சுக்காதீங்க. அத்தனை பிள்ளைங்க இருந்துச்சு படகுல" என்றாள். அவர் சரி என்று தலையாட்டினார். இரண்டு நாள் பாட்டில்லாத படகில் வந்தார். பிறகு வரவில்லை. வீட்டிலும் பாடவில்லை. அவள் வேண்டுமென்றே சுருதி தப்பிப் பாடிப் பார்த்தாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தினமும் ஏறுகிறவர்கள், "ஏன்க்கா பாட்டு இல்ல? சார் எங்க?" என்று கேட்பார்கள். அவள் காற்றைப் பற்றி ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள்.

அவருடைய தங்கை, அதாவது அவளுடைய நாத்தனார், ஆம்புலன்ஸ் கட்டும் பட்டறையில் வயரிங் வேலை பார்ப்பவள். ஸ்டியரிங் அக்கா கல்யாணமாகி வந்த நாளில் கவுன் போட்டுக்கொண்டு திரிந்தவளைப் பாப்பா என்று கூப்பிட ஆரம்பித்தது. இப்போது தலையில் நரை எட்டிப் பார்த்தும் பாப்பாதான். அந்த வார விடுமுறைக்கு வந்தவள் அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதைக் கண்டாள். அண்ணியை அடுப்படிக்குத் தள்ளிக்கொண்டு போய் நடந்ததைக் கேட்டாள்.

"இதுக்கா பாட்டை நிறுத்தினீங்க? ஏன் அண்ணி, எனக்கு ஒரு போன் போட வாய் வலிச்சுதா?"

"உனக்கு ஆயிரம் வேலை பாப்பா. பாட்டுக்காக உன்னைக் கூப்பிடறதா?"

"ஆம்புலன்ஸ்ல சைரன் ஓடும், லைட் எரியும், உள்ள மிஷினு ஓடும். வண்டி நின்னாலும் அதெல்லாம் நிக்கக் கூடாது. அப்புறம் சாவியைத் திருப்பினா வண்டியும் கிளம்பணும். எப்படின்னு நினைக்கிறீங்க? ரெண்டு பேட்டரி அண்ணி. நீங்க ஒரே குடத்துல குடிக்கவும் மொண்டு, குளிக்கவும் மொள்றீங்க. குடிக்கிற தண்ணிக்குத் தனிக் குடம் வச்சிட்டா சண்டையே இல்ல."

படகுக்கு விடுமுறை நாளில் பாப்பா பையைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினாள். பெரிய பேட்டரி ஒன்று, மூடி போட்ட பெட்டி, தடித்த கேபிள், ஃப்யூஸ்கள், உள்ளங்கை அளவு ரிலே ஒன்று. "இன்ஜின் ஓடறப்ப இந்த ரிலே ரெண்டு பேட்டரியையும் சேர்த்து வைக்கும், ரெண்டும் சார்ஜ் ஆகும். இன்ஜின் நின்னதும் பிரிச்சு விட்டுடும். பாட்டு ரெண்டாவதுல இருந்து மட்டும் எடுக்கும். முதல் பேட்டரி பக்கம் அது தலை வச்சும் படுக்காது" என்றாள்.

ரேடியோவையும் வலுக்கட்டாயமாகக் கூட்டிவந்து உட்காரவைத்திருந்தார்கள். டார்ச் பிடிக்கும் வேலை அவருக்கு. பாப்பா முதல் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி ஓரமாகக் கட்டினாள். கேபிள் ரொம்ப தூரம் போகக் கூடாது என்று, புதுப் பேட்டரியைப் பழையது இருந்த இடது பக்கத்திலேயே, அதை ஒட்டி வைக்கப் பார்த்தாள்.

அவர் டார்ச்சை ஆட்டினார்.

"ஆட்டாதே அண்ணா, கண்ணு கூசுது."

அவர் மறுபடி ஆட்டினார். "கதவு" என்றார். இல்லை என்று தலையை உதறினார். "கதவு... கதவு..."

"கதவு எங்க இருக்கு இங்க? என்ன வேணும், தண்ணியா?"

அவர் முகம் சிவந்தது. மனைவி ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அவசரமே இல்லைங்க. மெதுவா" என்றாள். அவர் கண்ணை மூடினார். நல்ல கையால் தொடையில் தட்டினார். தாளம். அடுப்படியில் அன்று எடுத்துக்கொண்டாரே, அதே பாட்டின் மெட்டு. அந்த மெட்டுக்குள்ளே, படி ஏறுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

"அந்... தப்... பக்... கம்... வை."

உடனே உடம்பை இடது பக்கம் சாய்த்துக் காட்டினார். படகும் கூடவே லேசாகச் சாய்ந்தது. இரண்டு பேட்டரியும் ஒரே பக்கம் இருந்தால் படகு சாய்ந்துதான் ஓடும்; அதைத்தான் இத்தனை நேரம் சொல்லப் பார்த்திருக்கிறார்.

பேச்சு நின்ற நாளிலிருந்து அவர் தானாக நினைத்துச் சொன்ன முதல் வாக்கியம் அது. பாப்பா க்ரீஸ் கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டதில் முகமெல்லாம் கரி. "சரிண்ணா. அந்தப் பக்கமே வைக்கிறேன். ஏரியையே அந்தப் பக்கம் வைக்கச் சொல்லு, வைக்கிறேன்" என்றாள். மனைவி சிரிக்கவும் செய்தாள், அழவும் செய்தாள். எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியாது.

பேட்டரி வலது பக்கத்தில் பெட்டிக்குள் உட்கார்ந்தது. அலையில் நகராதபடி பட்டையால் இறுக்கினார்கள். ஒவ்வொரு பேட்டரிக்கும் பக்கத்திலேயே ஒரு ஃப்யூஸ். கேபிள் உராய்கிற இடத்திலெல்லாம் ரப்பர் குழாய். எல்லாம் முடிந்து பாட்டைப் போட்டால், இன்ஜின் ஓடும்போது ஸ்பீக்கரில் கொசு மாதிரி ஒரு ரீங்காரம். ஆம்ப்ளிஃபயரின் நெகட்டிவ் இன்னும் இன்ஜின் உடம்பிலேயே மாட்டியிருந்தது. அதைப் புதுப் பேட்டரிக்கு நேராகக் கொண்டுபோனதும் கொசு செத்தது. மறுநாள் காலையில் மீட்டர் வைத்துப் பார்த்தால் முதல் பேட்டரி கொஞ்சம் இறங்கியிருந்தது. பாப்பா தன்னைத் தானே திட்டிக்கொண்டு தேடினாள். ஸ்டீரியோவின் மஞ்சள் வயர், அணைத்து வைத்தாலும் நேரத்தை நினைவில் வைத்துக்கொள்ள ஓரமாகக் கொறிக்கும் வயர், இன்னும் முதல் பேட்டரியிலேயே இருந்தது. அதையும் மாற்றினாள்.

"இப்ப பாருங்க" என்று இன்ஜினை அணைத்துவிட்டு, சத்தமாகப் பாட்டை ஓடவிட்டாள். சாப்பிட்டுவிட்டு வந்தார்கள், ஒரு தூக்கம் போட்டுவிட்டு வந்தார்கள். பாட்டு ஓடிக்கொண்டேயிருந்தது. ஸ்டியரிங் அக்கா சாவியைத் திருப்பினாள். ஒரே திருப்பில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

அவள் நாத்தனாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "பாப்பா, உனக்கு நான் என்ன..."

"நன்றியெல்லாம் வெளி ஆளுக்குச் சொல்லுங்க அண்ணி. எனக்கு வெந்நீர் போடுங்க, கை முழுக்க க்ரீஸு."

வெளி ஆளுக்கும் சொல்லத்தான் செய்தாள். அடுத்த நாள் சரக்குப் படகுக்கே போய், "அன்னிக்கு நீங்க வரலைன்னா என்ன ஆயிருக்கும்னு நினைக்காத நாளில்லை" என்றாள். மீசைக்காரர் மூட்டைகளை எண்ணுவதுபோல எங்கேயோ பார்த்தார். பிறகு, "அவரு திட்டி ரொம்ப நாளாச்சு. சீக்கிரம் வந்து திட்டச் சொல்லுங்க" என்றார். அவள் திரும்பிப் போகும்போது கூப்பிட்டு, தன் படகுக்கும் ஒரு பேட்டரி அப்படி மாட்டித் தர முடியுமா என்று நாத்தனாரிடம் கேட்கச் சொன்னார்.

பேச்சு முழுதாகத் திரும்பிவிடவில்லை. பயிற்சிப் பெண்ணும் அப்படி வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் தண்ணீருக்கு ஒரு மெட்டு, பசிக்கு ஒரு மெட்டு, வலிக்கு ஒன்று என்று அவருக்கு வந்துவிட்டது. சில வார்த்தைகள் மெட்டை உதறிவிட்டுத் தாமாகவே நடக்கவும் ஆரம்பித்திருக்கின்றன. தினமும் படகில்தான் இருக்கிறார். ஆலைப் பெண்கள் தங்கள் ஊர்வம்பையெல்லாம் அவரிடம் பாடியே சொல்கிறார்கள், அவர் "அப்புறம்?" என்று இழுத்துப் பாடிக் கேட்டுக்கொள்கிறார். கயிற்றை அவிழ்ப்பதற்கு முன் துறையைப் பார்த்து நின்று, "ஏறுங்க, ஏறுங்க" என்று அவர் ராகம் போட்டுக் கூப்பிடுவார். அந்த நர்ஸ் தூரத்திலிருந்தே கையை ஆட்டிக்கொண்டு ஓடிவருவாள். அவள் ஏறி உட்காரும்வரை ஸ்டியரிங் அக்கா படகைக் கிளப்பாமல் காத்திருப்பாள்.