எலும்பு கேட்ட பாரம்

கடந்த ஆண்டு ஜூலையில், பரிசுத்த அன்னம்மாள் திருநாளுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை, ஏலப்பாறைக்கு மேலே இருக்கும் எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது வழுக்கி விழுந்தேன். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. முதுகில் சாக்கு நிறைந்திருந்தது. வலது கால் தேயிலைத் தூருக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ள, உடம்பும் சாக்கும் சரிவில் கீழே போய்விட்டன. சத்தம் கேட்டு, நிழலுக்கு நிற்கும் சவுக்கு மரத்தில் கிளை முறிந்துவிட்டது என்று நினைத்து, பக்கத்து நிரையில் நின்றவள் அண்ணாந்து மரத்தைப் பார்த்தாளாம். முறிந்தது என் கணைக்கால் எலும்பு.

மலைக்குக் கீழே உள்ள ஆஸ்பத்திரியில் எலும்பின் நடுப்பொந்தில் நீளமான கம்பி ஒன்றை இறக்கி, மேலும் கீழும் திருகாணி போட்டு முடுக்கினார்கள். வலி பொறுக்கிற அளவுக்குக் காலை ஊன்றலாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். உடைந்த காலை ஊன்றச் சொல்வதை எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒருவரும் நம்பவில்லை. "வேற யாருக்கோ சொன்னத ஒனக்குச் சொல்லிட்டாங்க" என்றார் என் கணவர். அதுதான் லயத்தின் தீர்ப்பாகவும் ஆனது.

எங்கள் வீட்டு நிலைமையை இங்கே சொல்லிவிட வேண்டும். லயத்து வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம். வீட்டில் ஒருவர் பெயராவது வேலைப் பதிவில் இருக்கும்வரைதான் அதில் குடியிருக்கலாம். என் கணவர் எஸ்டேட் வேலையை விட்டு, சுற்றுலா வருகிறவர்களுக்கு ஜீப் ஓட்டுகிறார். மகள் கோவையில் படிக்கிறாள். ஆகவே அந்த வீடு என் காலில் நின்றுகொண்டிருந்தது. ஈஸ்டர் வரைக்கும் பெயரை வைத்திருப்பதாக எஸ்டேட் ஆபீசில் சொன்னார்கள். அதற்குள் சரிவில் ஏற முடியாவிட்டால் வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதிவிடுவார்கள். வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

ஆகஸ்ட் முதல் வாரம். அடைமழை. கொரோனா காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவி ஒன்று எங்கள் அலமாரியில் கிடந்தது. கணவர் அதை எடுத்து என் வலது கால் பெருவிரலில் மாட்டினார். வீங்கிச் சில்லிட்டுக் கிடந்த விரல். கருவி சற்று நேரம் விழித்தது, ஏதோ மிகக் குறைந்த எண்ணைக் காட்டியது, அப்புறம் அணைந்தது.

"அடிப்பாவி, காலுக்கு ஆக்சிஜனே போகல."

"கை விரல்ல போட்டுப் பாருங்க" என்றேன். கையில் நன்றாகவே காட்டியது.

"கையா ஒடைஞ்சிருக்கு? ஆலப்புழையில இருந்து வார ஆளுங்க ஜீப்ப விட்டு எறங்குனதும் மூச்சு முட்டுதுங்காங்க. மலையில காத்து லேசு புள்ள. மனுசனுக்கே பத்தல, எலும்பு எதக் குடிச்சு ஒட்டும்?"

இதைச் சொல்லும்போது அவர் வாயில் பீடி புகைந்துகொண்டிருந்தது.

இந்த மலையில் பிறந்து, இதே காற்றில் ஓடியாடி, இதே காற்றில் பிள்ளை பெற்றவள் நான். அதைச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. பயந்திருந்தார், பயந்த மனிதரோடு எவ்வளவு நேரம் வழக்காடுவது? மாதா பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட திருநாளன்று பூசை முடிந்ததும் என்னை ஜீப்பின் பின்சீட்டில் கிடத்தி, பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் இருக்கும் அவருடைய அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனார். சமவெளி, நல்ல காற்று என்பது அவர் கணக்கு.

அங்கே போய்ச் சேர்ந்ததும் வாசலிலேயே கருவியை அதே விரலில் மாட்டினார். எலப்புள்ளியின் வெக்கையில் விரல் சூடாக இருந்தது. எண் ஏறி நின்றது. "பாத்தியா!" என்று ஊரே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். அதற்குப் பிறகு அவரிடம் எதையும் பேச வழியில்லாமல் போயிற்று.

மதினி, அதாவது அவருடைய அக்கா, கல்யாணம் ஆகிப் போன நாளிலிருந்து அந்த ஊர்ப் பேச்சையே பேசுகிறவள். "கண்ணு, காலத் தரையில மட்டும் வெச்சராத. நா இருக்கறேன்ல, உனக்கென்ன" என்று முதல் நாளே சட்டம் போட்டாள். கட்டிலைவிட்டு இறங்கவிடவில்லை. தலை பின்னிவிட்டாள், துடைத்துவிட்டாள், காலைத் தலையணை மேல் குழந்தையைப் போலப் படுக்கவைத்தாள். ஒருநாள் விட்டு ஒருநாள் ஆட்டுக்கால் சூப்பு. "காலுக்குக் காலுங் கண்ணு" என்பாள்.

"மதினி, ஊர்ல ஆடெல்லாம் நொண்டுது, பாருங்க" என்றேன் ஒருநாள்.

"நொண்டுனா நொண்டுது. நீ குடி."

அந்த அன்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் செப்டம்பர் மாதா பிறந்தநாளில் போர்வையை விலக்கிப் பார்த்தபோது வலது கெண்டைச்சதை இடதில் பாதியாகத் தெரிந்தது. அக்டோபரில் ஜெபமாலை மாதம் முழுவதும் அது இன்னும் இளைத்தது. திருநாள்களை வைத்து எதையும் குறித்துக்கொள்வது என் பழக்கம். அதனால்தான் இவ்வளவும் நினைவிருக்கிறது.

நவம்பரில், கல்லறைத் திருநாள் முடிந்த வாரம், பழைய ஆஸ்பத்திரிக்கே போனோம். எக்ஸ்ரேயில் முறிந்த கோடு அப்படியே கறுப்பாக இருந்தது. எலும்பு டாக்டர் ஒரு மலையாளப் பெண், என்னைவிட இளையவர். படத்தைப் பார்த்துவிட்டு என் பாதத்தைத் தூக்கி உள்ளங்காலைத் தடவினார். அது பிஞ்சுக் குழந்தையின் பாதம் மாதிரி வழுவழுவென்று இருந்தது.

"சேச்சி இந்தக் கால் நிலத்தில வெச்சதே இல்லை, அல்லே?"

"வைக்க விடல" என்றேன்.

கணவர் முன்னால் வந்து, மலைக்காற்று, கருவி, எலப்புள்ளி எல்லாவற்றையும் ஒப்பித்தார். டாக்டர் குறுக்கிடாமல் கேட்டார். முடிந்ததும் மூக்கைச் சுளித்து, "சேட்டா, பீடி வலிக்குமோ?" என்றார். பீடி குடிப்பீர்களா என்று அர்த்தம்.

"எப்பவாச்சும், டாக்டரே."

"இப்ப வந்த வாடையும் எப்பவாச்சுந்தானா? அதை சேச்சி பக்கத்தில வலிக்காதீங்க. ரத்தக் குழலை இறுக்கும். மலைக்காத்து பாவம், அதை விடுங்க. அது ஒண்ணும் செய்யல."

அப்புறம் எனக்குச் சொன்னார். எலும்பு முறிந்த இடத்தில் சின்னச் சின்ன இரத்தக் குழாய்களும் அறுந்துபோகும். அந்த இடுக்குக்கு மட்டும் ஆக்சிஜன் வராது, யாருக்கானாலும், எந்த ஊரிலானாலும். அங்கே இருக்கும் செல்கள் அந்தக் குறையை உணர்ந்து, புதுக் குழாய்களை வரச்சொல்லிக் கூப்பிடும். குழாய் வந்து சேரும்வரை, கொஞ்ச ஆக்சிஜனிலும் பிழைக்கக்கூடிய குருத்தெலும்பை இட்டு இடைவெளியை நிரப்பும். பின்னால் அது எலும்பாக மாறும். "ஆக, ஆக்சிஜன் குறைவு ஆரம்பத்தில வேண்டியதுதான். அதுதான் வேலையைத் தொடங்கி வைக்கும்" என்றார்.

"அப்ப எனக்கு ஏன் நடக்கல?"

"பாரம் இல்லை சேச்சி."

எலும்புக்குள்ளேயே புதைந்து, ஒன்றையொன்று மெல்லிய கைகளால் தொட்டுக்கொண்டு இன்னொரு வகைச் செல்கள் இருக்கின்றனவாம். சுற்றிலும் நீர். கால் ஊன்றும்போது எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைகிறது, நீர் நகர்கிறது, அந்த நகர்வை அவை அறிகின்றன. இங்கே எலும்பு வேண்டும் என்று சொல்லி அனுப்புவது அவைதான். பாரமே வராத காலில் அவை பேசாமல் இருந்துவிடும். அளவுக்கு மீறி ஆட்டினாலோ, புதிதாக வந்த குழாய்கள் திரும்பவும் அறுந்துபோகும்.

கீழ்த் திருகாணிகளைக் கழற்றிவிடப் போவதாகவும் சொன்னார். கம்பியே பாரத்தையெல்லாம் தாங்கிக்கொள்கிறது, திருகாணி போனால் முறிந்த இரண்டு முனைகளும் ஒன்றையொன்று அழுத்தும் என்றார். ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்து வரச்சொன்னார். அப்போதும் கறுப்புக் கோடு அப்படியே இருந்தால், இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்து மறுபடி ஆபரேஷன்.

மறு ஆபரேஷன் என்றால் ஈஸ்டர் கைவிட்டுப் போகும். அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"ஆணியக் கழட்டுனா கம்பி நிக்குமா?" என்று கணவர் வெளியே வந்து முணுமுணுத்தார்.

"நான் நிக்கேன். நீங்க வண்டிய ஏலப்பாறைக்கு விடுங்க" என்றேன்.

மதினி போனில் அழுதாள். "அந்தக் குளுருக்குள்ள போறியே கண்ணு" என்றாள். திருகாணிகளைக் கழற்றிய கையோடு போனேன்.

எடுத்த எடுப்பில் முழுப் பாரத்தையும் போடக்கூடாது, வாராவாரம் கூட்ட வேண்டும் என்பது டாக்டர் சொன்ன முறை. எவ்வளவு போடுகிறேன் என்று எப்படித் தெரிந்துகொள்வது? லயத்துக் கோடியில் இருக்கும் அங்கன்வாடியில் கர்ப்பிணிகளை நிறுத்தி எடை பார்க்கும் மிஷின் உண்டு. பக்கத்து நிரைக்காரி, மரத்தை அண்ணாந்து பார்த்த அதே பெண், ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்குப் பிறகு ஆசிரியையிடம் சாவி வாங்கி என்னை அங்கே அழைத்துப்போனாள். நான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, வலது காலை மட்டும் மிஷினில் வைத்து அழுத்துவேன். அவள் குனிந்து முள்ளைப் பார்ப்பாள்.

"இன்னும் அமுக்குக்கா. கால் சாக்குக்கூட வரல."

கிலோவை அவள் சாக்காக மாற்றித்தான் சொல்வாள், எனக்கும் அதுதான் விளங்கும். கால் சாக்குக் கொழுந்து தோளில் எப்படி இருக்கும், அரைச் சாக்கு எப்படி இழுக்கும் என்பது எடுத்து எடுத்து உடம்பில் ஊறிப்போன விஷயம். அந்த அளவை ஞாயிற்றுக்கிழமை பாதத்துக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, வாரம் முழுவதும் லயத்து முற்றத்தில் அதே அளவில் ஊன்றி நடந்தேன். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு கால் சாக்கு. கிறிஸ்துமசுக்கு முந்திய ஞாயிறு முக்கால்.

வலி இருந்தது. முதல் வாரங்களில் காலுக்குள் யாரோ மணலை அரைப்பது போல இருந்தது.

"என்னக்கா, அழுதியா?"

"மூக்கு ஒழுகுது. குளிருல்ல."

"குளிருல கண்ணுதான் ஒழுகுமோ?"

கணவர் பீடியை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போய்விடுவார். கிறிஸ்துமஸ் கழித்து ரோட்டுக்குப் போவதும் குறைந்தது. கேட்டால், குளிரில் நடக்கச் சோம்பல் என்றார்.

ஜனவரியில், மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு அடுத்த புதன்கிழமை, எக்ஸ்ரேயை டாக்டர் வெளிச்சத்தில் மாட்டினார். கறுப்புக் கோடு முழுதாகப் போகவில்லை. ஆனால் அதைச் சுற்றி மூன்று பக்கமும் வெள்ளையாக, மங்கலாக ஒரு புடைப்பு. கவாத்து வெட்டிய தேயிலைத் தூரில், வெட்டுவாயைச் சுற்றி முண்டு கட்டுமே, அதேபோல.

"ஒட்டிடிச்சா?" என்றார் கணவர்.

"ஒட்டிட்டு வருது. ஆபரேஷன் வேண்டா. சேச்சி நடக்கட்டும்."

அவர் வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். நான் தொந்தரவு செய்யவில்லை.

தவக்காலம் முழுவதும் ஏறினேன். முதலில் அங்கன்வாடிப் படிகள், பிறகு கோயில் மேடு, கடைசியில் சாக்கில் மண் போட்டுக்கொண்டு தேயிலைக் காட்டுப் பாதை. ஈஸ்டருக்கு மறுநாள் அதிகாலை, வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்தில் போய் நின்றேன். சூப்பர்வைசர் என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"ரோட்டோரம் சமமா இருக்கு, அங்க எடுக்கியா?"

"என் நிரை எதோ அங்கயே எடுக்கேன்."

ஏறிப் போனேன். கால் மாட்டிய அந்தப் பாறை வழியில்தான் இருந்தது. சாக்கு நிறைந்ததும், பக்கத்து நிரைக்காரி எங்கிருந்தோ கத்தினாள்: "எவ்வளவுக்கா?"

வலது காலைச் சரிவில் அழுத்தி ஊன்றி, பாரம் முழுவதையும் அதன்மேல் விட்டுப் பார்த்தேன்.

"முழுச் சாக்கு" என்றேன்.