புதிய நாட்டுக்குத் திரும்பிய அக்கா

புனேவை அடுத்த போசரியில் ஒரு பள்ளியின் வகுப்பறை வாசலில் அக்கா நின்ற நிலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. ஒரே அறையில் மூன்று வகுப்புகள் நடந்தன. கம்பெனி வேலைக்காக வெளியூர்களிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள், மராத்திப் பாடம் புரியாமல் கடைசி வரிசையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். “உங்கள் நாடு விடுதலை பெற்று எத்தனை ஆண்டுகள்?” என்று அக்கா தலைமையாசிரியையிடம் கேட்டார். “ஐம்பது ஆகப்போகிறது” என்றார் அவர். திரும்பும்போது பஸ்ஸில் அக்கா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “எங்களுக்கு அவ்வளவு நேரம் இல்லை.”

அக்கா என்று நான் அழைத்தாலும் அவர் உறவுக்காரர் அல்ல. தொண்ணூறுகளின் நடுவில், அப்போதுதான் விடுதலை பெற்றிருந்த ஓர் ஆப்பிரிக்க நாடு அவரைக் கல்வியியல் படிக்கப் புனேவுக்கு அனுப்பியிருந்தது. நானும் அதே கல்லூரியில் படித்தேன். விடுதியில் இடம் கிடைக்காமல் தவித்தவரைச் சிஞ்ச்வட்டில் இருந்த எங்கள் ஃபிளாட்டுக்கு அழைத்துவந்தேன். பதினாறு வயதில் விடுதலைப் போரில் சேர்ந்தவர். மலைக்குகையில் போராளிகளின் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். எத்தனையோ மொழிகள் பேசும் நாட்டில் எந்த மொழியில் பாடம் நடத்துவது, துப்பாக்கியைக் கீழே வைத்த இளைஞர்களுக்கு என்ன வேலை கொடுப்பது என்று சாப்பிடும்போதுகூட அப்பாவிடம் வாதாடுவார். ஆகுர்டியில் மோட்டார் கம்பெனியில் வேலை பார்த்த அப்பா, “முதல்ல கம்பெனி வரட்டும். பள்ளிக்கூடம் தானா பின்னால வரும்” என்பார். அக்கா ஒப்புக்கொள்ளவே மாட்டார்.

இரண்டாம் ஆண்டில் அவருக்கு வரும் கடிதங்கள் குறைந்தன. வந்த உறைகளிலும் பிரித்து ஒட்டிய தடம் தெரிந்தது. நடக்குமென்று சொன்ன தேர்தல் தள்ளிப்போனது. கல்வி அமைச்சகத்தில் வேலை பார்த்த அவருடைய தோழி, ஆசிரியர்களை ஏன் ராணுவத்துக்கு இழுக்கிறீர்கள் என்று ஒரு கூட்டத்தில் கேட்டாளாம். மறுவாரம் அவள் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் எங்கே போனாள் என்று யாரும் எழுதவில்லை. அதன்பின் தன் நாட்டு மாணவர்கள் யாராவது வந்தால், பரீட்சையைத் தவிர வேறெதையும் அக்கா பேசமாட்டார்.

அவர் நாட்டின் எல்லையில் போர் மூண்டது. உடனே திரும்பச் சொல்லி உத்தரவு வந்தது. அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “போவாதம்மா. சண்ட ஓயுற வரைக்கும் இங்கனயே இரி.”

“பள்ளிக்கூடம் இருக்கு, அம்மா” என்றார் அக்கா, எங்களிடம் கற்ற அரைகுறைத் தமிழில். பெட்டியை மூடும்போது என்னிடம் மட்டும் ஆங்கிலத்தில் சொன்னார்: “நான் போகாவிட்டால் என் வீட்டாரைப் பிடித்து விசாரிப்பார்கள்.”

ஊர் போய்ச் சேர்ந்ததாக ஓர் அட்டை வந்தது. அவ்வளவுதான். நான் எழுதிய கடிதங்கள் திரும்பிக்கூட வரவில்லை.

சில ஆண்டுகளில் அதே கல்லூரியில் நான் விரிவுரையாளரானேன். அந்த நாட்டிலிருந்து ஒரு மாணவர் வந்து சேர்ந்தார். வகுப்பு முடிந்ததும் அக்காவின் பெயரைச் சொல்லி விசாரித்தேன். அந்த மாணவர் எழுந்துபோய் வெளித் தாழ்வாரத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

“அவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எங்கள் வீட்டில் தங்கிப் படித்தார்.”

“எனக்குப் பாடம் நடத்தியவர். ஒருநாள் வகுப்பின் நடுவே வந்து கூட்டிக்கொண்டு போனார்கள்.” அவர் குரல் இன்னும் தாழ்ந்தது. “இந்தப் பெயரை இனி யாரிடமும் கேட்காதீர்கள், மேடம். அவர் குடும்பம் அங்கேதான் இருக்கிறது.”

அதனால்தான் இங்கே அக்கா என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அந்த நாட்டின் பெயரையும் எழுதவில்லை.