கமறாத மிளகாய்

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், டயகமவுக்கும் மேலே. அங்கே தீபாவளிப் பலகாரத்தை மறந்தாலும் மறப்பார்கள், குளிருக்கு அடுப்பை ஆயத்தம் செய்வதை மறக்க மாட்டார்கள். ஐப்பசி மழை ஓய்வதற்குள் வேலை தொடங்கிவிடும். கவ்வாத்து வெட்டிய மலையில் கிடக்கும் தேயிலைக் கிளைகளை மிளாறு என்போம். பெண்கள் கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது அதைத் தலைச்சுமையாகக் கட்டி வந்து வாசல் திண்ணையான இஸ்தோப்பில் அடுக்குவார்கள். தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே காற்று வரும் சந்துகளில் பழஞ்சாக்கைத் திணிப்பார்கள். வெடித்த அடுப்பை மண் குழைத்துப் பூசுவார்கள். எல்லாம் முடிந்த பிறகு கடைசி வேலை, புகைக்கூண்டைத் துடைப்பது.

அதை ஒரு வீட்டார் மட்டும் செய்ய முடியாது. எங்களுடையது இரட்டை லயம், முதுகோடு முதுகு ஒட்டிய தொழிலாளர் வீட்டு வரிசை. எங்கள் ஒற்றையறைக் காம்பராவின் முதுகோடு இன்னொரு காம்பராவின் முதுகு ஒட்டியிருக்கும். எங்கள் வாசல் இந்தப் பக்கம், அவர்கள் வாசல் அந்தப் பக்கம். நடுவில் ஒரே சுவர். சுவரின் இருபுறமும் ஒவ்வோர் அடுப்பு. இரண்டுக்கும் சேர்த்துக் கூரைக்கு மேலே ஒரே புகைக்கூண்டு. வெள்ளைக்காரன் செங்கல்லை மிச்சம் பிடித்த விதம் அது. வருடா வருடம் பின்வீட்டு மாமா கூரையேறி, கயிற்றில் கட்டிய சாக்குப் பந்தைக் கூண்டுக்குள் இறக்கி இழுப்பார். அப்பா கீழே நின்று கரியை வாருவார். முடிந்ததும் இருவரும் கரிச்சட்டி போல வெளியே வந்து ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள்.

எழுபதுகளில், நான் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த வருடம், அந்த வேலை நடக்கவில்லை. காரணம் ஒரு குடம். லயத்துக்கே பொதுவான தண்ணீர்ப் பீலியில் பிடிக்கும்போது அம்மாவின் குடம் முந்தியதா பின்வீட்டு அத்தையின் குடம் முந்தியதா என்று வாய் தடித்திருக்கிறது. என் அம்மா நல்லவள்தான். ஆனால் கோபம் வந்தால் அவள் நாக்குக்கு எலும்பும் இல்லை, இரக்கமும் இல்லை. "புள்ள குட்டி இல்லாதவளுக்கு எதுக்குடி இவ்வளவு தண்ணி?" என்று பீலி நிறையப் பெண்கள் நிற்கும்போது கேட்டுவிட்டாள். அத்தை வெறுங்குடத்தோடு போனாளாம். அன்றோடு பேச்சு நின்றது. ஆண்களுக்குப் பேச ஆசைதான். ஆனால் வீட்டில் சோறு வேண்டுமே, அதனால் அவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள்.

நான் வாழ்க்கைப்பட்டது றொசல்லப் பக்கம். அங்கே மழைதான் கொட்டும், குளிர் இப்படி எலும்பைத் தின்னாது. இரண்டு வருடம் அங்கே இருந்துவிட்டு வந்ததால் எனக்கே எங்கள் ஊர் மார்கழி தாங்கவில்லை. இதில் பிள்ளை குறைமாதத்தில் பிறந்துவிட்டான். கோழிக்குஞ்சு போல இருந்தான். அழக்கூட அவனுக்குத் தெம்பில்லை. தோட்டத்து மருத்துவிச்சி அவனைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"புள்ளைக்குச் சூடு கொறையக் கூடாது. ஆனா பொகையும் ஆகாது. ரெண்டையும் பாத்துக்குங்க."

ஒரே அறை, ஒரே அடுப்பு, அடைத்த புகைக்கூண்டு. சூடு வேண்டும், புகை வேண்டாம் என்றால் எங்கே போவது? அடுப்பை மூட்டினால் புகை மேலே போகாமல் அறைக்குள் சுருண்டது. கதவைத் திறந்தால் பனி உள்ளே வந்தது. பிள்ளை இருமினான். அந்தச் சின்ன நெஞ்சு இருமும்போது எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அம்மா மாரியம்மனுக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டாள். என்ன ஆச்சரியம், மறுநாளே புகை குறைந்துவிட்டது. மிளாறு கணகணவென்று எரிந்தது, அறை வெதுவெதுப்பாக இருந்தது, பிள்ளை தூங்கினான். "பாத்தியா, ஆத்தா கேட்டுட்டா" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆத்தா எப்படிக் கேட்டாள் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. புகை போனால் போதும் என்றிருந்தது.

ஆனால் பிள்ளை சரியாகப் பால் குடிக்கவில்லை. அம்மா உடனே கண்ணேறு என்றாள். யாருடைய கண் என்று அவள் சொல்ல வேண்டியதில்லை, பின்சுவரைப் பார்த்து முகத்தை ஒரு வெட்டு வெட்டினாள். பொழுது சாயும் நேரம் மிளகாயும் உப்பும் எடுத்துப் பிள்ளையைச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் கமறினால் கண்ணேறு இல்லை, கமறாவிட்டால் பலத்த கண் பட்டிருக்கிறது என்பது எங்கள் கணக்கு. மிளகாய் படபடவென்று வெடித்துக் கருகியது. ஒருவருக்கும் தும்மல்கூட வரவில்லை.

"கமறவே இல்லையே! அடிப்பாவி, எம்புட்டுப் பெரிய கண்ணு!"

அம்மா சொல்லி வாய் மூடவில்லை, சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை இருமத் தொடங்கினாள். குடல் வெளியே வருகிற இருமல்.

"கேட்டியா? நான் சுத்திப் போட்டதும் அவளுக்கு வலிக்குது பாரு. அவ கண்ணேதான்!"

எனக்கும் உடம்பு சிலிர்த்தது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அடுத்த நாள் சாயங்காலம் அம்மா மிளகாயைக் கூட்டினாள். அதற்கும் அடுத்த நாள் இன்னும் கூட்டினாள். மிளகாய் கூடக் கூட அந்தப் பக்கத்து இருமலும் கூடியது. அம்மாவின் நம்பிக்கையும் கூடியது.

ஒரு காலையில் தேயிலை மேலெல்லாம் பனி உறைந்து வெள்ளை வெளேரென்று கிடந்தது. முகம் கழுவப் போன அப்பா கலங்கிப்போய்த் திரும்பினார்.

"பின்வீட்டுக்காரன் வெளிய உக்காந்துகிட்டு மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடக்கான். இந்தப் பனியில மனுசன் வெளிய உக்காருவானா?"

"என்ன செய்வெனையோ, நான் போயி நறுக்குன்னு நாலு கேட்டுட்டு வரேன்" என்று அம்மா சேலையை இழுத்துச் செருகினாள். அவள் நாக்கை நினைத்து நானும் பிள்ளையைக் கம்பளிக்குள் பொதிந்துகொண்டு பின்னாலேயே போனேன். பச்சை உடம்புக்காரி, வெறுங்காலோடு உறைபனியில் நடந்தேன்.

பின்வீட்டு இஸ்தோப்பில் மாமா சாக்கைப் போர்த்திக்கொண்டு குந்தியிருந்தார். அவருக்கு இழுப்பு நோய். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் இரண்டும் மேலே ஏறி இறங்கின. வாசலில் மூன்று கல்லைக் கூட்டி, ஈர விறகை ஊதி ஊதி அத்தை தேத்தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்து கிடந்தது. உள்ளே அறை முழுக்கப் புகை. அவர்கள் அடுப்பில் சாம்பல்கூட இல்லை.

கேட்க வந்த நாலும் அம்மாவுக்கு மறந்துபோனது.

"உள்ள அடுப்பு இருக்கே. ஏன் வெளிய மூட்டுறீங்க?"

அத்தை தலை நிமிரவில்லை.

"நாங்க மூட்டுனா பொக ஒங்க பக்கம் வருது. புள்ள இருமுறது செவுத்துல கேட்டுச்சு. அதான் அணச்சிட்டோம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர்கள் அடுப்பு அணைந்ததும் எங்கள் புகை அந்தக் குளிர்ந்த அடுப்பு வழியாக அவர்கள் அறைக்குப் போயிருக்கிறது. மாரியம்மன் பாவம், தேங்காய் மட்டும்தான் வாங்கினாள். புகையை வாங்கிக்கொண்டது இவர்கள்.

மாமா மூச்சுக்கு நடுவே சொன்னார்: "பொக கூடப் பரவால்ல தங்கச்சி. பொழுது சாஞ்சா எங்கேருந்தோ ஒரு மொளகாக் கமறல் வருது பாருங்க... அதத்தான்... தாங்க முடியல."

அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுகைதான் ஜெயித்தது.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, மதினி" என்றாள் அம்மா.

"புள்ளைக்கு எரியுற அடுப்பு. அத அணைங்கன்னு எந்த வாயால சொல்றது?"

இதைச் சொல்லும்போதும் அத்தை கல்லடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பிள்ளையோடு எதிரே நிற்கிறேன். லயத்தில் எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போன பிள்ளை. அவள் மட்டும் ஒரு தடவைகூட அவன் பக்கம் கண்ணைத் திருப்பவில்லை. தன் கண்ணைப் பற்றி ஊர் என்ன சொல்கிறது என்று அவளுக்குத் தெரியாதா என்ன!

அப்பா யாரையும் கேட்கவில்லை. கயிறும் சாக்கும் எடுத்துக்கொண்டு கூரையேறினார். கூண்டு துடைக்க வேண்டுமென்றால் இரண்டு அடுப்பும் அணைந்திருக்க வேண்டும். எங்கள் தணலில் அம்மா தண்ணீர் தெளித்தாள். காக்கைக்கூடும் கட்டி கட்டியாகக் கரியும் விழுந்து முடிய நண்பகலாயிற்று. என் மகன் அந்தக் குளிரைத் தாண்டினான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், கதையை இழுத்துப் பயமுறுத்தும் வழக்கம் எனக்கில்லை. அன்று அவன் தாண்டியது எப்படி என்பதுதான் சொல்ல வேண்டியது.

அடுப்பு அணைந்ததும் அறை குளிர்ந்துவிட்டது. பனியில் நடந்த எனக்கு நடுக்கம் பிடித்து, பல் கிட்டித்து, பிள்ளையை ஏந்தவே முடியவில்லை. அம்மா கீழே நின்று கயிறு பிடிக்க வேண்டும். அவள் பிள்ளையை என்னிடமிருந்து வாங்கினாள். ஒரு நிமிடம் நின்றாள். பிறகு நேராகப் பின்வீட்டு வாசலுக்குப் போய் அத்தையின் போர்வையை விலக்கி, அவள் நெஞ்சோடு பிள்ளையை வைத்துப் போர்த்தினாள். அத்தை பயந்துபோய் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அம்மா அவள் தாடையைப் பிடித்துப் பிள்ளை பக்கம் திருப்பினாள்.

"கண்ணெடுக்காமப் பாத்துக்குங்க, மதினி."