பேசாத வானொலியை விற்க மாட்டார்கள்

உத்திரமேரூரில் எங்கள் மொட்டை மாடியில் நான் இழுத்துக் கட்டியிருக்கும் ஏரியல் கம்பியில் தினமும் காலையில் யாருடைய லுங்கியாவது காய்கிறது. ஈப்போவில் இப்படி நடந்திருந்தால் நகராண்மைக் கழகத்துக்கு இரண்டு பிரதிகளில் புகார் போயிருக்கும். இங்கே கீழ்வீட்டுக்காரரிடம் வாய்மொழியாகச் சொன்னேன். "கம்பி சும்மாதான சார் கீது?" என்றார். சிற்றலை நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவரும் காலத்தில் அது உண்மை என்பதால் மேல்முறையீடு செய்யவில்லை.

மனைவியின் ஊரில் போய் உட்கார்ந்துகொண்டு என்னதான் செய்கிறாய் என்று மலேசியாவிலிருந்து சிலர் கேட்டிருந்தீர்கள். பழைய கையடக்கச் சிற்றலை வானொலிகளை வாங்குகிறேன். அரசாங்கத்தில் தொலைத்தொடர்புக் கருவிகளைச் சோதித்தே ஓய்வு பெற்றவன் என்பதால் இதற்கும் ஒரு முறை வைத்திருக்கிறேன். முதலில் பேட்டரி அறை, பிறகு அலைவரிசை மாற்றும் சுவிட்ச், கடைசியில் விலை. பெட்டி பாட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாடாததைப் பாடவைப்பதுதான் பொழுதுபோக்கே.

சாலவாக்கத்தில் முனியம்மாவின் வீட்டுப் பரணில் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். அவர் கணவர் ஒரகடத்தில் காவலாளி. மாதம் ஒருமுறைதான் வருவார். நிலத்தை முனியம்மாதான் பார்த்துக்கொள்கிறார். தோல் உறையைப் பிரித்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. என் அப்பா ஈப்போவில் வைத்திருந்த அதே ஜப்பான் பெட்டி. இரைச்சலுக்கு நடுவே சென்னையிலிருந்து வரும் தமிழ்க் குரலைத் தேடி அவர் மாலை முழுவதும் அதைத் திருகிக்கொண்டிருப்பார். குரல் கிடைத்தால் நாங்கள் மூச்சுவிடக் கூடாது. அவர் போன பிறகு அந்தப் பெட்டி எங்கே போனதென்று தெரியவில்லை. இதை விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

"எட்த்துக்கோ சார். ஆனா ஒருவாட்டி பேசட்டும், அப்பால தரேன்," என்றார் முனியம்மா.

"பேசலேன்னாலும் பரவாயில்லம்மா."

"உனக்குப் பரவால்ல. ஊமைய அடுத்தவங்க வூட்டுக்கு அனுப்பனா போன எடத்துல சண்ட வரும். எங்க மாமியா ஓடாத கடியாரத்த சம்மந்தி வூட்டுக்குக் குட்த்துச்சி. இன்னி வரிக்கும் பேச்சுவார்த்த இல்ல."

என் வீட்டில் சண்டை ஏற்கெனவே நடப்பில் இருக்கிறது என்று விளக்கினேன். விதிவிலக்கு கிடைக்கவில்லை.

வேறு வழியின்றி வாசலிலேயே உட்கார்ந்தேன். பேட்டரி அறையில் படிந்திருந்த பச்சைக் களிம்பைச் சுரண்டி, புதிய பேட்டரிகளைப் போட்டு, உடைந்த ஏரியலில் ஒரு கம்பியை முறுக்கி வேப்பமரத்தில் மாட்டினேன். வெயில் சாயும்வரை இரைச்சல்தான். பிறகு, முள்ளை மயிரிழை நகர்த்தியபோது ஒரு ஆண் குரல். மலாய். வானிலை அறிக்கை.

"இன்னா பாஷ சார் இது? திட்றானா?"

"திட்டலம்மா. எங்க நாட்டுப் பாஷ."

"பேசிட்டான்ல!" என்று பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்ப எதுக்கு விக்கணும்? கொல்லில காட்டுப்பன்னி வேர்க்கடலய நாசம் பண்ணிக்கினு கீது. மனுசன் கொரலு கேட்டா கிட்ட வராது."

பேசினால் தருவதாக அவர் ஒப்புக்கொண்டதை நினைவூட்டினேன்.

"பேசாதுன்னு நெனச்சிக்கினுதான சார் சொன்னேன்."

ஒப்பந்தச் சட்டத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. சாலவாக்கத்தில் அது செல்லாது.

"சரி, இன்னா சொல்றான்?"

"எங்க ஈப்போ இருக்கிற பேராக் பக்கம் பெரிய மழை வருதாம். ஆத்தோரத்துல இருக்கிறவங்க மேட்டுக்குப் போகணுமாம்."

முனியம்மா சாலையைப் பார்த்தார். பாதிச் சாலையை அடைத்து அவருடைய நெல் காய்ந்துகொண்டிருந்தது. "அது எங்க கீது?"

"கடலுக்கு அந்தாண்ட."

"கொரலு வந்துட்ச்சே. மேகம் வர எம்மா நேரம் ஆவும்?"

வங்காள விரிகுடாவின் காற்றழுத்தத்தைப் பற்றி நான் தொடங்குவதற்குள் தார்ப்பாயின் ஒரு முனையை என் கையில் திணித்துவிட்டு, மறுமுனையோடு ஓடினார். "இய்த்துப் புடி சார்! நனஞ்சா நீயா வந்து காய வெப்ப?"

வானத்தில் ஒரு பிசிறு மேகம் இல்லை. சாலவாக்கத்து நெல்லை ஈப்போவின் மழையிலிருந்து காப்பாற்ற, நான் இழுத்துப் பிடித்தேன். வாசலில் இருந்த அவருடைய வானொலி, எங்கள் பழைய வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஆற்றின் பெயரைச் சொல்லி எச்சரித்தது. குனிந்து, பறக்கத் துடித்த முனையில் ஒரு கல்லை வைத்தேன்.