கடையில் கிடைக்காத சைக்கிளைத் தேடி மட்டாஞ்சேரிக்கு

இரண்டு வருடங்களுக்கு முன் எனக்கு முதுகில் டிஸ்க் விலகியது. சாதாரண சைக்கிளில் குனிந்து உட்காரவே கூடாது என்றார் மருத்துவர். ஞாயிறுதோறும் நான் கூடவே ஓட்டிய கோயம்புத்தூர் சைக்கிள் நண்பர்கள், "ஓய்வெடுங்க சார்" என்று சொல்லி வாட்ஸப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். ஓய்வெடுப்பவன் செய்தி படிக்கக் கூடாது போலிருக்கிறது. சாய்வு சைக்கிள் என்று ஒன்று இருப்பது அதன் பிறகுதான் தெரிந்தது. நாற்காலியில் சாய்ந்தபடி, கால்களை முன்னே நீட்டி மிதிக்கலாம். கோவையில் நான் கேட்ட எந்தக் கடையிலும் அது இல்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் ஒருவர் செய்வதாக இணையத்தில் பார்த்து, ஜனவரியில் ஒரு புதன்கிழமை கிளம்பினேன்.

காலை ரயிலில் எர்ணாகுளம் போய்ச் சேர நான்கு மணி நேரம். படகுத்துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் படகில் இருபது நிமிடம். அங்கிருந்து மட்டாஞ்சேரி பஜாருக்கு ஆட்டோ எழுபது ரூபாய். ஐம்பதுதான் ஆகும் என்று பிறகு தெரிந்தது. நீங்கள் ஐம்பதே கொடுங்கள்.

பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அரிசி கோடவுன் ஒன்றின் பின்கட்டில் இருக்கிறது. வண்டி செய்யும் ஹனீபாவுக்கு ஐம்பது வயதிருக்கும். பாலக்காட்டிலிருந்து வந்து இங்கே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். நான் போனபோது கோடவுன்களில் மூட்டை தள்ளும் கைவண்டி ஒன்றுக்குச் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தார். சோறு போடுவது அந்தக் கைவண்டிகள்தான். சாய்வு சைக்கிள் வருடத்துக்கு ஐந்தாறு விற்றால் பெரிது.

கடைகளுக்கு ஏன் கொடுப்பதில்லை என்று கேட்டேன்.

"கடைக்காரங்களுக்கு வேண்டா சாரே. மூணு சைக்கிள் நிக்குற எடத்துல இது ஒண்ணு கெடக்கும். பின்னே, வாங்க வர்ற ஆளுக்கு ஒரு மணிக்கூர் ஓட்டப் பழக்கணும். ஆருக்கு நேரம்? கலூர்ல ஒரு கடையில வெச்சேன். ஆறு மாசம் அதுல ஹெல்மெட் தொங்கவிட்டான். மதியத்துல அதுலயே சாய்ஞ்சு உறங்கினான். சீட்டுக் கிழிஞ்சுதான் திரும்பி வந்துது."

வீடியோவும் போட்டிருக்கிறார். லட்சம் பேர் பார்த்துச் சிரித்தார்கள், ஒருவரும் வாங்கவில்லை. இதுவரை வாங்கிய அத்தனை பேரும் இங்கே வந்து ஓட்டிப் பார்த்தவர்கள்தான்.

ஓட்டிப் பார்க்க இருந்தது ஒரே வண்டி. பஜார் தெருவில், மிளகு மூட்டை இறக்கிக்கொண்டிருந்த லாரிக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவில் என்னை ஏற்றிவிட்டார். முதல் முறை பத்தடி போய், மெதுவாக, மரியாதையாக, இடப்பக்கம் சாய்ந்து விழுந்தேன். சுமைதொழிலாளி ஒருவர் மூட்டையைக்கூட இறக்காமல், "அம்மாவா, தலையணை வேணோ?" என்றார். அம்மாவன் என்றால் மாமா. எனக்கு மருமகன் யாரும் கிடையாது என்று சொல்ல நினைத்தேன், மூச்சு வாங்கியது.

மூன்றாவது முறை ஓடியது. யூதத் தெரு முனை வரை போய்த் திரும்பினேன். முதுகு வலிக்கவில்லை. இரண்டு வருடங்களில் இப்படி எழுத முடிவது இதுதான் முதல் முறை.

புதிதாகச் செய்து தர நான்கு மாதமும் எண்பத்தைந்தாயிரமும் ஆகும் என்றார். இதையே கொடுத்தால் என்ன என்று கேட்டேன். ஹனீபா உடனே அறுபது என்றார். உள்ளிருந்து அவர் மனைவி ஜமீலா வெளியே வந்தார். விசாரிப்பவர்களுக்குப் பதில் சொல்வது, தேதி கொடுப்பது எல்லாம் அவர்தான்.

"இத வித்துட்டு அடுத்த ஆளுக்கு எதக் காட்டுவீங்க? உங்க மொகத்தையா?"

"மொகத்துக்கென்ன? மாசக் கடைசில அட்வான்ஸ் கூட்டிக் கொடுக்கலைன்னா பட்டறையே இல்ல. பின்னே வண்டி மட்டும் எதுக்கு?"

கோடவுன் உரிமையாளர் முழு இடத்தையும் காபிக்கடைக்கு விடப் பார்க்கிறாராம். பின்கட்டு வேண்டுமென்றால் இவர்கள் கூடுதல் முன்பணம் தர வேண்டும். வண்டியை விற்றால் இந்த மாதம் பட்டறை தப்பும். அதற்கப்புறம் காட்ட வண்டி இல்லாமல், வாங்க ஆள் இல்லாமல், கைவண்டிக் காசு வாடகைக்குப் போதாமல் மூடும். இருவரும் என்னைப் பார்த்தார்கள். சண்டையை நான் மூட்டியதுபோல் இருந்தது.

ஜமீலாவே வழி சொன்னார். "சார் கொண்டுபோகட்டும். ஆனா இதுபோல இன்னொண்ணு ரெடியாகுற வரைக்கும், கேட்டு வர்றவங்கள நான் கோயம்புத்தூருக்கு அனுப்புவேன். சார் ஓட்டக் கொடுக்கணும்."

"என் வீட்டுக்கு யாரும் வருவதில்லை" என்றேன்.

"இனி வருவாங்க" என்றார், சாயாவை என் கையில் கொடுத்து.

எனக்கு மனிதர்களோடு ஒத்துப்போவதில்லை என்பதை இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்கள் அறிவார்கள். ஆனாலும் சரி என்றேன். முதுகு சொல்லித்தான் சொன்னேன். அறுபதாயிரத்தைப் போனிலேயே அனுப்பினேன். அரிசி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரியில் ஹனீபா வண்டியை ஏற்றினார். லாரிக்கு எழுநூறு ரூபாய். மறுநாள் காலை கோவை உக்கடத்தில் வண்டி கைக்கு வந்தது. நெல் உமி ஒட்டியிருந்ததைத் தவிரச் சேதமில்லை.

ஆறு வாரம் ஆகிறது. ஹனீபா முன்பணம் கட்டிவிட்டார். ஜமீலா அனுப்பி இரண்டு பேர் வந்தார்கள். மணிக்கட்டு தேய்ந்த திருப்பூர்க்காரர் ஒருவர் ஓட்டிப் பார்த்து ஆர்டர் கொடுத்திருக்கிறார். இன்னொருவர் செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரே ஒரு ஆர்டரில் அவர்கள் எத்தனை நாள் ஓட்டுவார்கள் என்று தெரியவில்லை.

ஆர்டர் கொடுக்கவோ, அடுத்த வண்டி தயாரான பிறகு ஓட்டிப் பார்க்கவோ மட்டாஞ்சேரி போகிறவர்கள் வெள்ளிக்கிழமையைத் தவிர்க்கவும். மதியம் பட்டறை திறந்திருக்காது. வேட்டி, புடவை கட்டி ஓட்ட முடியாது. உட்காரும் நிலையில் கால் நீளத்தை அளந்து கொண்டுபோனால் நல்லது.

கோவைப் பக்கம் இருப்பவர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கீழே எழுதுங்கள், முகவரி அனுப்புகிறேன். ஞாயிறு காலை ஏழிலிருந்து ஒன்பது வரை வண்டி என் வீட்டு வாசலில் நிற்கும். வாங்கும் எண்ணமில்லாமல் சும்மா வேடிக்கை பார்க்க வருபவர்களும் வரலாம் என்று எழுதச் சொல்கிறார் ஜமீலா. எனக்கு அதில் சம்மதமில்லை. எழுதிவிட்டேன்.