மேல் மூலைக்குப் போகும் பாதை

பெண்பிள்ளைக்கு மேலே பார்க்கும் பார்வை எதற்கு என்று ஒருவர் கேட்டால், சிரித்துவிட்டுப் போவீர்களா, சண்டைக்கு நிற்பீர்களா? என் தோழி ஒருத்தி சண்டைக்கு நிற்கிறவள்.

மருத்துவமனையில் அவளை 'ரோடு அக்கா' என்பார்கள். பாதி கேலி, ஸ்கூட்டரை எடுத்தால் இரண்டு தெரு தாண்டுவதற்குள் வழி தப்பிவிடுவாள். ஆனால் வலிப்பு நோய்க்கு அறுவை செய்துகொள்ளப் போகும் குழந்தைகளின் மூளையில் பார்வை ஓடும் நரம்புப் பாதையை வரைந்து கொடுப்பவள் அவள்தான். நரம்பிழைகள் நெடுக நீர் ஊர்வதை ஸ்கேன் பதிவு செய்யும். அதை வைத்துக் கணினியில் கோடு இழுப்பாள். காதுக்கு முன்னால், நெற்றிப்பொட்டுக்கு உள்ளே அந்தப் பாதை முன்பக்கமாக வந்து வளைந்து திரும்புகிறது. எதுவரை வரும் என்பது ஆளுக்கு ஆள் வேறு. அங்கே கத்தி பட்டால், கண் இரண்டும் நன்றாக இருந்தும் மேல்பக்கம் ஒரு மூலை தெரியாமல் போகலாம்.

ஒருநாள் அவளிடம் ஸ்கேனுக்கு வந்தவள் எட்டு வயதுச் சிறுமி. கூடவே அம்மா, தாய்மாமன். பாதி ஸ்கேனில் தலையைத் திருப்பிவிட்டாள், படம் கலங்கிவிட்டது.

"நீங்க 'ஆடாதே, ஆடாதே'ன்னு சொன்னதும் மூக்கு அரிச்சுது," என்றாள் சிறுமி.

"அப்ப தப்பு என் மேலதான். அரிக்கிற இடத்தையெல்லாம் இப்பவே சொறிஞ்சு முடி. மறுபடி எடுக்கணும்."

மாமனுக்குப் பொறுமை இல்லை. "எதுக்கும்மா மறுபடி? மேல கொஞ்சம் தெரியலன்னா குடியா முழுகிடும்? பொம்பளப் பிள்ளை, தலையக் குனிஞ்சு நடந்தா போதும்."

"உங்களுக்கு அந்த மூலைய எடுத்துடலாமா, சார்? வந்ததுலேர்ந்து நீங்கதான் குனிஞ்சு போனையே பாத்துட்டிருக்கீங்க."

சிறுமியின் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே வேகத்தில் துணிச்சலும் வந்தது. "நீ வெளிய உக்காருண்ணே. அலமாரி மேல்தட்டுல நான் எதை ஒளிச்சு வச்சாலும் கண்டுபிடிக்கிறவ இவ. எனக்கு இவ பார்வை முழுசா வேணும்."

இரண்டாவது படம் தெளிவாக வந்தது. அறுவை மருத்துவர் திரையருகே குனிந்தார். "இவ்வளவு முன்னாலயா வருது? நான் போட்ட வழி நேரா இது மேலதான் போகும். கீழ்ப்பக்கமா போறேன்."

அறுவையில் அந்த வழியாகவே போனார். காயம் ஆறியபின் பார்வைச் சோதனை. விளக்குப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். மேல் மூலையில் வந்த புள்ளிகளுக்கும் சிறுமி டக் டக்கென்று அழுத்தினாள்.

வலிப்பைச் சாபம் என்று மூடிவைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பெண்ணுக்கு இவ்வளவு போதும் என்று பார்வையைக்கூட அளந்து போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மாத்திரைக்கு அடங்காத வலிப்போடு உங்களுக்குத் தெரிந்த குழந்தை யாராவது இருந்தால் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். தலையில் அறுவை என்று சொன்னால், "பார்வைப் பாதைய வரைஞ்சாச்சா, டாக்டர்?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.