ஸ்டெல்லா சிஸ்டர் யாரிடமும் சொல்லாதது

போன ஞாயிற்றுக்கிழமை தக்கலையில் பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தபோது, எங்கள் மருத்துவமனையில் வேலை பார்க்கும் தங்கம் அக்கா போன் செய்தார். “ஸ்டெல்லா சிஸ்டர் போயிட்டாவ தம்பி” என்றார். வந்த பேருந்தை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

உங்களில் பலருடைய பிள்ளைகளை முதலில் கையில் ஏந்திய நர்ஸ் அவர். அந்தப் பிள்ளைகளின் குதிகாலில் குத்தி, அட்டையில் ரத்தச் சொட்டு எடுத்தவரும் அவர்தான். பரம்பரைக் குறை ஏதும் உண்டா என்று பார்க்கும் சோதனை அது. அட்டையைக் காயவைத்துச் சென்னைக்கு அனுப்புவது ஆய்வக ஊழியனான என் வேலை. வீட்டாரைச் சம்மதிக்க வைப்பது அவர் பாடு.

கருங்கல் ஊர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் பேத்திக்குச் சோதனையே வேண்டாம் என்று நின்றார். “பொட்டப்பிள்ள. பேப்பர்ல எழுதி வச்சா நாளைக்கு எவன் கெட்டுவான்?”

“பேப்பர் எனக்க அலமாரியில இருக்கும் பாட்டா. பிள்ளைக்க கழுத்துல கெட்டித் தொங்கவிட மாட்டேன்.”

பெரியவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். சிஸ்டரின் பேச்சு அப்படி.

இனிச் சொல்லப்போவது உங்களுக்குத் தெரியாது. 2009இல் என் மகன் பிறந்தபோது, சோதனை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவன் நான். என் மனைவி என் தாய்மாமன் மகள். ஏதாவது வந்துவிட்டால், சொந்தத்துக்குள் கட்டியதால்தான் என்று ஊர் பேசுமே என்ற பயம். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் அட்டை காயவைத்த பெரிய மனுஷன்!

“யோசிச்சுதான் எழுதினியா?” என்று மட்டும் சிஸ்டர் கேட்டார்.

எங்கள் வழக்கப்படி, வீட்டுப் பெரியவரின் பழைய வேட்டியில் பிள்ளையைப் பொதிந்து வீட்டுக்குக் கொண்டுபோனோம். பூச்சி அரிக்காமல் இருக்கப் பாச்சா உருண்டை போட்டுப் பெட்டியில் வைத்திருந்த மாமாவின் வேட்டி. நான்காம் நாள் பிள்ளை மஞ்சள் பூத்து, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தான். மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சிஸ்டர் வேட்டியை மோந்து பார்த்து, அவிழ்த்து வெளியே போட்டார்.

“இப்பமாவது குத்தட்டா?”

தலையாட்டினேன். மஞ்சள் காமாலைக்குப் போடும் நீல விளக்கின் கீழே கிடந்து பிள்ளை தேறினான். பிறகு முடிவு வந்தது. பாச்சா உருண்டையும் சில மருந்துகளும் ஆகாத ரத்தம். தாய் வழியாக மகனுக்கு வருவது.

“அவ வழியில வந்த கேடு” என்று என் அம்மா மருமகளைப் பார்த்தாள்.

“அவ ஒங்க அண்ணனுக்க மவதானே? அந்த வழி எங்க போயி சேருதுண்ணு பாருங்க” என்றார் சிஸ்டர். அம்மா மறுநாள் சிஸ்டருக்கு மீன்குழம்பு கொடுத்தனுப்பினாள்.

நான் எழுதிக் கொடுத்ததை வார்டில் சிஸ்டர் யாரிடமும் சொல்லவில்லை. மறுக்கிற தகப்பன்மாரிடம் என் கதையைச் சொல்லியிருந்தால் அவர் பாடு பாதி குறைந்திருக்கும். என் மானத்தைக் காப்பாற்ற, ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து மன்றாடினார். பக்கத்தில் நின்ற நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தக் கதைதான். நேற்று ஓர் இளம் தகப்பன் சோதனைப் படிவத்தைக் கையெழுத்துப் போடாமல் திருப்பித் தந்தான். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

“நானும் வேண்டாம்ணு எழுதினவன்தான் மக்கா. இரி, சொல்லுதேன்.”